மூட்டு வீங்கும் வரை காத்திருக்க வேண்டாம்

குழந்தை தவழத் தொடங்கும் மாதங்களில்தான் பெரும்பாலான வீடுகளில் முதல் சந்தேகம் எழுகிறது. முழங்காலிலும் நெற்றியிலும் நீலம் நீலமாகக் கன்றிப்போகிறது. தடுப்பூசி போட்ட தொடை வீங்கி, நாள்கணக்கில் வற்றாமல் நிற்கிறது. விழுந்து கடித்துக்கொண்ட நாக்கில் ரத்தம் விட்டுவிட்டுக் கசிகிறது. நடக்கப் பழகிய பிறகு ஒருநாள் காலையில் முழங்கால் பருத்து, பையன் காலை ஊன்ற மறுக்கிறான். வீட்டார் சுளுக்கு என்கிறார்கள். எண்ணெய் தடவி உருவிவிடுவார்கள், வெந்நீர் ஒத்தடம் கொடுப்பார்கள், அதற்கும் கேட்காவிட்டால் நாட்டுக் கட்டு. ரத்தம் எளிதில் உறையாத ஹீமோபிலியா நோய் உள்ள குழந்தைக்கு உருவுவதும் சூடு வைப்பதும் கசிவை இன்னும் பெருக்கும். இறுக்கமான கட்டோ வீங்கிய இடத்தை நெரிக்கும்.

ரத்தம் உறைவதற்கு உடலில் 'ஃபேக்டர்' எனப்படும் பல புரதங்கள் வரிசையாக வேலை செய்கின்றன. அவற்றில் எட்டாவது ஃபேக்டர் குறைந்தால் ஹீமோபிலியா 'ஏ'. ஒன்பதாவது குறைந்தால் 'பி'. முதல் வகை ஏறக்குறைய 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு வருகிறது. இரண்டாவது அதைவிட மிக அரிது. இந்தக் கணக்கை இந்திய மக்கள்தொகைக்குப் போட்டுப் பார்த்தால் 1 லட்சம் பேருக்கு மேல் இருக்க வேண்டும். பதிவேடுகளில் இருப்பவர்களோ அதில் ஒரு சிறு பகுதிதான். மற்றவர்கள் எங்கே போனார்கள்? சிலர் பெயரில்லாத நோயோடு முடங்கிய காலுடன் வாழ்கிறார்கள். சிலர் சிறு வயதிலேயே தலையில் ரத்தம் கசிந்து இறந்துவிட்டார்கள். வளரும் நாடுகள் பலவற்றிலும் இதே கதைதான்.

இந்தக் குறை தாயின் எக்ஸ் குரோமோசோம் வழியாக மகனுக்கு வருகிறது. அதைச் சொன்னதும் மருமகள் மேல் பழி போடும் குடும்பங்கள் உண்டு. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நோயாளிகளின் குடும்பத்தில் முன்பு யாருக்கும் இது இருந்ததில்லை, புதிதாக நேர்ந்த மரபணுப் பிழை அது. சொந்தத்தில் கட்டியதால் வந்தது என்று சொல்வதும் ஹீமோபிலியாவைப் பொறுத்தவரை பொருந்தாது. ஆனால் மாமன் மகள், அக்காள் மகள் என்று உறவுக்குள்ளேயே மணம் முடிக்கும் நம் பக்கத்தில் வேறு சில அரிய குறைபாடுகள் கூடுதலாகத் தென்படுகின்றன. உதாரணமாக, பதின்மூன்றாவது ஃபேக்டர் இல்லாத குழந்தைக்குத் தொப்புள்கொடி விழும் இடத்தில் நாள்கணக்கில் ரத்தம் நிற்காது. விபரீதம் என்னவென்றால், வழக்கமான உறைதல் சோதனைகள் இதில் சரியாக இருப்பதாகக் காட்டும். தொப்புளில் ரத்தம் கசிந்த குழந்தைக்கு 'எல்லாம் நார்மல்' என்று ஆய்வக அறிக்கை வந்தால் அதோடு திரும்பி வராதீர்கள். பதின்மூன்றாவது ஃபேக்டருக்கான தனிச் சோதனையைக் கேளுங்கள். இந்தக் குறைபாட்டுக்கு மாதம் ஒருமுறை மருந்து ஏற்றினாலே பெரும்பாலும் போதும். ஆகவே கண்டுபிடிக்காமல் விடுவதற்கு மன்னிப்பே கிடையாது.

ஹீமோபிலியாவிலோ சோதனையில் தட்டணுக்கள் சரியாக இருக்கும், ஏ.பி.டி.டி. என்ற உறைதல் நேரம் மட்டும் நீண்டிருக்கும். அடுத்து எந்த ஃபேக்டர், எத்தனை சதவீதம் என்று அளக்க வேண்டும். 1 சதவீதத்துக்கும் கீழே என்றால் கடும் வகை: அடிபடாமலே மூட்டுக்குள் ரத்தம் கசியும்.

மருந்து என்பது இல்லாத ஃபேக்டரை ஊசி வழியே ரத்தக்குழாயில் ஏற்றுவது. 1960-களில் ஜூடித் பூல் என்ற அமெரிக்க ஆய்வாளர் பிளாஸ்மாவிலிருந்து எட்டாவது ஃபேக்டர் செறிந்த 'கிரையோ'வைப் பிரித்தெடுக்க வழி கண்ட பிறகுதான் இது எளிதானது. 1980-களில் பிறரிடமிருந்து பெற்ற ரத்தத்தில் இருந்த எச்.ஐ.வி. கிருமி உலகம் முழுவதும் ஹீமோபிலியா நோயாளிகளைக் கூட்டமாகக் கொன்றது. இன்று குப்பியில் வரும் ஃபேக்டர் கிருமி அழிக்கப்பட்டது; ஆய்வகத்திலேயே தயாராவதும் உண்டு. கிரையோவில் அந்தக் கிருமி அழிப்பு வழக்கமாக நடப்பதில்லை. ஃபேக்டர் கிடைக்கும் இடத்தில் கிரையோவுக்குச் சம்மதிக்க வேண்டியதில்லை.

எப்போது ஏற்றுகிறோம் என்பதுதான் விஷயம். நம் மருத்துவமனைகளில் வேரூன்றிய பழக்கம், கசிவு வந்த பிறகு ஏற்றுவது. அதற்குள் பையன் பஸ் ஏறி மாவட்டத் தலைநகர் வந்து, சீட்டு எடுத்து, வார்டில் காத்திருந்து அரை நாள் போய்விடும். ஒரே மூட்டில் மறுபடி மறுபடி கசிந்தால் உள்சவ்வு தடித்து, குருத்தெலும்பு அரித்து, பத்து வயதிலேயே கால் நீட்டவராமல் போகும். உலக ஹீமோபிலியா கூட்டமைப்பு 2020-ல் வெளியிட்ட வழிகாட்டி நெறிகள், கசிவு வருமுன்பே முறையாக மருந்து கொடுப்பதைத்தான் தரமான சிகிச்சை என்கின்றன. அந்த நெறிகளின் முதன்மை ஆசிரியர் அப்போது வேலூர் சி.எம்.சி.யில் பணியாற்றிய மருத்துவர் அலோக் ஸ்ரீவாஸ்தவா. பணக்கார நாட்டு அளவுக்குக் கொடுக்க முடியாவிட்டால் குறைந்த அளவாவது தொடங்குங்கள் என்கிறது அதே ஆவணம். கிலோவுக்கு 10 யூனிட், வாரம் இருமுறை என்று கொண்டால் 15 கிலோ குழந்தைக்கு வேளைக்கு 150 யூனிட். 250 யூனிட் குப்பி ஒன்றே தாராளம். அதே பையன் வளர்ந்து 50 கிலோ ஆகி, கெட்டுப்போன முட்டிக்கு அறுவை என்று வந்தால், கத்தி வைக்குமுன் ஒரு வேளைக்கே 2,000 யூனிட் வரை தேவைப்படும். அதன் பிறகும் நாள்கணக்கில் ஏற்றியாக வேண்டும். முன்கூட்டிக் கொடுத்தால் பட்ஜெட் தாங்காது என்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை.

எமிசிசுமாப் என்ற மருந்து இன்னும் எளிது. தோலுக்கடியில் போடும் ஊசி. வாரம் ஒருமுறையோ நான்கு வாரத்துக்கு ஒருமுறையோ போதும். ஃபேக்டரை எதிர்க்கும் 'இன்ஹிபிட்டர்' உடலில் உருவாகிவிட்டவர்களுக்கும் வேலை செய்யும். ஆனால் 'ஏ' வகைக்கு மட்டும். விலை அதிகம்தான். இருந்தும் கேரள அரசு 2024-ல் 18 வயதுக்குட்பட்ட நோயாளிகளுக்கு இதை இலவசமாகக் கொடுக்க முடிவெடுத்தது. மரபணு சிகிச்சையில் வேலூர் குழு ஐந்து பேருக்குப் பலன் கண்டிருக்கிறது. அது சாதனைதான், ஆனால் இன்றைக்கு வீங்கியிருக்கும் முட்டிக்கு அது மருந்தாகாது.

வீட்டில் செய்யக்கூடியவை சில உண்டு. வீங்கிய மூட்டுக்கு ஓய்வு கொடுங்கள். துணி சுற்றிய பனிக்கட்டி வைத்து, லேசாகக் கட்டி, காலை உயர்த்தி வையுங்கள். வலிக்குப் பாராசிட்டமால் மட்டும் கொடுங்கள். ஆஸ்பிரினும் இப்யூபுரூஃபனும் கூடவே கூடாது. தசை ஊசியைத் தவிர்க்கச் சொல்லுங்கள். தடுப்பூசியை விட்டுவிடாதீர்கள், மெல்லிய ஊசியால் தோலுக்கடியில் போட்டுப் பத்து நிமிடம் அழுத்திப் பிடிக்கலாம். தலையில் அடிபட்டால் முதலில் ஃபேக்டர், பிறகுதான் ஸ்கேன். இந்த வரிசையை மருத்துவமனையில் நீங்களே வற்புறுத்த வேண்டியிருக்கும். அடிவயிறும் தொடையும் சேரும் இடத்தில் வலி என்றால் குடல்வால் என்று கத்தி எடுப்பதற்கு முன் இடுப்புத் தசைக்குள் ரத்தக் கசிவா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

மரபில் வராத, முழுக்கத் தடுக்கக்கூடிய ஒரு ரத்தக் கசிவும் உண்டு. பிறந்த குழந்தைக்கு வைட்டமின் கே மிகக் குறைவு. தாய்ப்பாலிலும் அது அதிகம் இல்லை. பிறந்ததும் 1 மில்லிகிராம் ஊசி ஒன்று போட்டால் போதும். போடாத குழந்தைகளில் சிலருக்கு இரண்டாவது வாரத்திலிருந்து மூன்றாவது மாதத்துக்குள் மூளைக்குள்ளேயே ரத்தம் கசிகிறது. வீட்டில் பிரசவம் நடந்தாலும் இதைக் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். குடும்பத்தில் ஹீமோபிலியா இருந்தால் அதை முன்பே சொல்லிவிடுங்கள். ஊசிக்குப் பதிலாக வாய்வழி கொடுக்கலாம்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஹீமோபிலியாவை 21 குறைபாடுகளில் ஒன்றாக ஏற்றிருக்கிறது. தனித்துவ அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். 40 சதவீதமும் அதற்கு மேலும் என்று சான்று இருந்தால் 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வியும், உயர்கல்வியில் குறைந்தது 5 சதவீத இடஒதுக்கீட்டில் பங்கும் உண்டு. 'விழுந்து வைப்பான், பொறுப்பேற்க முடியாது' என்று பள்ளி சேர்க்க மறுப்பது சட்டமீறல். சிகிச்சைக்குப் போகும் கடும், நடுத்தர வகை நோயாளிகளுக்கு ரயிலில் கட்டணச் சலுகை இருக்கிறது. அரசு வேலையின் 4 சதவீத ஒதுக்கீட்டில் மட்டும் இந்த நோய்க்குத் தனி இடம் இல்லை. மூட்டு முடங்கிப்போனால் இயக்கக் குறைபாடு என்ற வகையில் கேட்கலாம். மருந்து ஒழுங்காகக் கிடைத்து கால் நன்றாக இருப்பவனுக்கு அதுவும் கிடையாது. சட்டம் எழுதியவர்கள் இதை யோசித்திருக்கலாம்.

ஃபேக்டர் அரசு மருத்துவமனைகளில் இலவசம். 'ஸ்டாக் இல்லை' என்ற பதில் வந்தால் அதை எழுத்தில் கேளுங்கள். எத்தனை யூனிட் வந்தது, எத்தனை செலவானது, அடுத்த வரவு எப்போது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்திலும், மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடமும் மனு கொடுக்கலாம். தனியாகப் போவதைவிட 1983-ல் தொடங்கிய இந்திய ஹீமோபிலியா கூட்டமைப்பின் உள்ளூர்க் கிளையோடு சேர்ந்து போனால் பலன் அதிகம்.

பையனுக்கு நோய் உறுதியானால் அவனுடைய அக்கா, தங்கை, சித்தி, பெரியம்மாவுக்கும் ஃபேக்டர் அளவைப் பாருங்கள். கடத்திகளாக இருக்கும் பெண்களுக்கும் அளவு குறைந்து, மாதவிடாயிலும் பிரசவத்திலும் அதிக ரத்தம் போகலாம். அளவு சரியாக இருப்பதாலேயே கடத்தி இல்லை என்று சொல்லிவிட முடியாது. அதற்கு மரபணுச் சோதனைதான் வழி. குடும்பத்திலுள்ள மரபணுப் பிழை எது என்று நோயுள்ள பையனின் ரத்தத்தில் இப்போதே கண்டறிந்து எழுதி வையுங்கள். கர்ப்பத்தின் பதினோராவது வாரத்தில் சோதனை வேண்டும் என்று வரும் பெண்ணுக்கு அதை அப்போது தேட நேரம் இருக்காது.