ஒரு கோழி சுணங்கினால்…

கேரளத்தில் பறவைக்காய்ச்சல் என்று செய்தி வந்தால், தென்காசி மாவட்டத்தின் புளியரை சோதனைச் சாவடியில் லாரிச் சக்கரங்களுக்குக் கிருமிநாசினி அடிப்பது வழக்கமாகிவிட்டது. 2021 ஜனவரியில் ஆலப்புழை, கோட்டயம் மாவட்டங்களில் நோய் உறுதியானது. 2024 ஏப்ரலில் ஆலப்புழையின் எடத்துவா, செருதனா ஊர்களில் வாத்துகள் செத்தன. இத்தகைய நாட்களில் குற்றாலம், இலஞ்சி, செங்கோட்டைப் பக்கத்து வீடுகளில் ஒரு கேள்வி எழும். கொல்லைப்புறக் கோழிகளில் ஒன்று இறகை உப்பிக்கொண்டு, கண்ணை மூடியபடி ஓரமாக நிற்கிறது. அறுத்துவிடலாமா, மருந்து கொடுக்கலாமா, மற்றவற்றை விற்றுவிடலாமா?

சுணங்கி நிற்கும் கோழியெல்லாம் பறவைக்காய்ச்சல் கோழி அல்ல. சாரல் காலத்து ஈரத்தில் குஞ்சுகள் இரத்தமாகக் கழிந்தால், அது பெரும்பாலும் காக்சிடியா என்ற ஓரணு ஒட்டுண்ணியின் வேலை. அதற்கு மருந்து உண்டு. கொண்டையிலும் கண்ணோரத்திலும் கொப்புளம் என்றால் அம்மை. ஆனால் வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கி, கழுத்து முறுக்கிக்கொண்டு, இரண்டொரு நாளில் அடுத்தடுத்த கோழிகளும் விழுந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது வெள்ளைக் கழிச்சல். ராணிக்கேத் நோய் என்பதும் இதுவே. தடுப்பூசி போடாத கூட்டத்தில் ஒன்றுகூட மிஞ்சாமல் போகலாம்.

இந்நோயைத் தரும் வைரஸின் வேறு சில ரகங்கள் கோழிக்கு லேசான சளியைக்கூடத் தராமல் வந்துபோகின்றன. ஒரே வைரஸ் ஓரிடத்தில் சாதுவாகவும் இன்னோரிடத்தில் கொலைகாரனாகவும் இருப்பது எப்படி? உயிரியலில் என்னை மிகவும் கவர்ந்த விடைகளில் ஒன்று இதற்குள் இருக்கிறது.

வைரஸின் மேற்புறத்தில் எஃப் என்றொரு புரதம் உண்டு. வைரஸின் உறையைக் கோழியின் செல் உறையோடு இணைப்பது அதன் வேலை. இணைந்தால்தான் வைரஸின் மரபுப்பொருள் உள்ளே இறங்கும். ஆனால் இந்தப் புரதம் உருவாகும்போது வேலைக்கு ஆகாத ஒற்றைத் துண்டாகவே உருவாகிறது. குறிப்பிட்ட ஓரிடத்தில் அதை இரண்டாக வெட்டினால்தான் உயிர்பெறும். வெட்டும் நொதி வைரஸிடம் கிடையாது, கோழியிடம் இருக்கிறது.

மட்டையோடு கூடிய இளநீரை நினைத்துக்கொள்ளுங்கள். அதைச் சமையலறைக் கத்தியால் திறக்க முடியாது, அரிவாள் வேண்டும். அரிவாளோ சாலையோரக் கடைக்காரரிடம் மட்டுமே இருக்கிறது. சாதுவான வைரஸ் இந்த இளநீர். அதை வெட்டக்கூடிய டிரிப்சின் வகை நொதிகள் கோழியின் சுவாசப்பாதையிலும் குடலிலும் மட்டுமே கிடைக்கின்றன. அந்த இரண்டு கடைத்தெருவைத் தாண்டி ஊருக்குள் போனால் திறக்க ஆளில்லை. கொடிய ரகத்தில், வெட்டுப்படும் இடத்தில் ஆர்ஜினின், லைசின் என்ற அமினோ அமிலங்கள் நெருக்கமாக அமைந்திருக்கின்றன. இது மட்டையைச் சீவிக் கண் தெரிய வைத்த இளநீர்; எந்த வீட்டுக் கத்தியும் போதும். ஃபியூரின் என்ற நொதிதான் அந்த வீட்டுக் கத்தி. உடலின் ஏறக்குறைய எல்லா செல்களிலும் அது உண்டு. அதனால் வைரஸ் மண்ணீரல், நுரையீரல், மூளை என்று தெருத்தெருவாகத் திறந்துகொண்டே போகிறது. கழுத்து முறுக்கிய கோழியின் நரம்பு மண்டலத்திலும் கத்தி வேலை செய்துவிட்டது என்று பொருள். சீவுவதற்கு வெளியாள்கூடத் தேவையில்லை. ஆஸ்திரேலியாவில் 1998இல் கிளம்பிய கொள்ளைநோயின் வைரஸ், அங்கேயே சுற்றிக்கொண்டிருந்த சாதுவான ரகத்தில் வெட்டுமிடத்தின் சில எழுத்துகள் மாறிப் பிறந்தது. தோப்பில் தொங்கிய காய் தானே மட்டையைச் சீவிக்கொண்டது!

வேறு குடும்பத்தைச் சேர்ந்த பறவைக்காய்ச்சல் வைரஸும் இதே உத்தியைக் கையாளுகிறது. எச்5, எச்7 ரகங்களின் மேற்புறப் புரதத்தில் அதே அமினோ அமிலங்கள் குவிந்தால், சாதுவான ரகம் கொடியதாகிறது. இரண்டும் தரும் அறிகுறிகள் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிவதில் வியப்பில்லை.

வரலாறு சுருக்கமானது. 1926இல் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் ஜாவாவிலும் வெள்ளைக் கழிச்சல் விவரிக்கப்பட்டது. ஓரிரு ஆண்டுகளில் இமயமலை ஊரான ராணிக்கேத்திலும் பதிவானது. இந்தியாவில் கோழிகளிடையே எச்5என்1 முதலில் உறுதியானது 2006இல், மகாராஷ்டிரத்தின் நவாபூரில்.

இனி மருந்துக்கு வருவோம். சீரகம், மிளகு, மஞ்சள், கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தால் ஒரே நாளில் கழிச்சல் நிற்கும் என்று கைப்பேசிக் காணொளிகள் சத்தியம் செய்கின்றன. மெடிக்கல் கடையில் மனிதருக்கான டெட்ராசைக்ளின் வாங்கிப் பிரித்துப் போடுவோரும் உண்டு. ஆன்டிபயாடிக் வைரஸைத் தொடாது. கூடவரும் பாக்டீரியாவை வேண்டுமானால் அடக்கும். லேசான ரகம் தாக்கிய கோழியும் முன்பே ஊசி போட்ட கோழியும் தாமாகவே தேறும். தேறிய கோழிக்கு மருந்து பெயர் வாங்குகிறது; செத்த பத்துக் கோழிகளைக் காணொளி காட்டுவதில்லை. மூளைவரை போய்விட்ட வைரஸை வெளியே இழுக்கும் மருந்து ஆங்கில வைத்தியத்திலும் இல்லை, நாட்டு வைத்தியத்திலும் இல்லை.

ஆகவே அந்த ஒற்றைக் கோழியைப் பற்றிய முடிவு, உண்மையில் மற்றக் கோழிகளைப் பற்றிய முடிவு. அதை உடனே தனியே அடையுங்கள். தீனியும் தண்ணீரும் முதலில் நல்ல கோழிகளுக்கு, கடைசியாகச் சீக்குக் கோழிக்கு. பிறகு கையையும் செருப்பையும் கழுவுங்கள். அறுத்துச் சமைக்க வேண்டாம். வெந்த கறியில் வைரஸ் பிழைக்காது என்பது சரிதான். ஆனால் பறவைக்காய்ச்சலாக இருந்தால் அறுப்பதும் இறகு பிடுங்குவதும்தான் ஆபத்து. செத்ததைச் சிற்றாற்றிலோ ஓடையிலோ வீசாமல், சுண்ணாம்பு போட்டு ஆழப் புதையுங்கள். ஒன்றுக்கு மேல் விழுந்தால், புதைக்கும் முன்பே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். எந்த வைரஸ் என்பதை ஆய்வகம்தான் சொல்ல முடியும். பறவைக்காய்ச்சல் என்று உறுதியாகி அரசு அழிக்கும் பறவைகளுக்கு இழப்பீடு உண்டு. தயவுசெய்து மிச்சக் கோழிகளை அவசரமாக விற்காதீர்கள். நோய்க்குறி தெரிய வழக்கமாக ஐந்தாறு நாள், சில சமயம் இரண்டு வாரம்கூட ஆகும். இன்று நலமாகத் தெரியும் கோழி நாளை வாங்கியவர் கூட்டத்தையே அழிக்கும். அந்தக் கூட்டம் பெரும்பாலும் ஒரு பெண்ணின் கைச்சேமிப்பு.

கூட்டத்தில் வெள்ளைக் கழிச்சல் புகுந்தபின் போடும் ஊசி, ஏற்கெனவே தொற்றிய கோழியைக் காப்பாற்றாது. முன்பே போட்டால் நன்றாக வேலை செய்யும். அதற்கும் காரணம் அந்த வெட்டுமிடம்தான். குஞ்சின் முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ விடும் சொட்டில் இருப்பது உயிருள்ள சாதுவான வைரஸ். வெட்டும் நொதி கிடைக்கும் வாசலிலேயே பெருகி, உள்ளே போக வழியின்றி நின்று, உடலுக்கு எதிரியை அடையாளம் காட்டிவிடுகிறது. எட்டு வாரத்துக்குப் பிறகு, சற்று வீரியமான ரகத்தை ஊசியாகப் போடுகிறார்கள். குளிர்பதனப் பெட்டி எட்டாத கிராமங்களுக்காகத் தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் தீனியாகக் கொடுக்கும் தடுப்பு மருந்துக் குருணையையும் உருவாக்கியிருக்கிறது. ஊசி போட்ட கோழியும் வைரஸைச் சுமந்து பரப்பலாம் என்பதால், புதிதாக வாங்கிவந்த கோழியை இரண்டு வாரம் தனியே வைப்பது அப்போதும் அவசியம்.

ஆண்டுதோறும் பிப்ரவரியில் கால்நடைப் பராமரிப்புத் துறை இரண்டு வாரக் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமை இலவசமாக நடத்துகிறது. நான்கு கோழி வைத்திருப்பவரும் கூடையில் போட்டுக் கொண்டுபோகலாம். ஒரு தெருவில் எல்லாரும் போட்டால்தான் முழுப் பலன் கிடைக்கும். பக்கத்து வீட்டையும் சேர்த்து அழைத்துச் செல்லுங்கள்.