மரை போனதை மறைத்தால்

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலோரத் தெருக்களில் இரவெல்லாம் வெட்டவெளியில் நிற்கும் கார்கள் வெளிப்பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். சக்கரத்தைக் கழற்றினால்தான் கதை தெரியும். பிரேக் காலிபரைப் பிடித்திருக்கும் போல்ட்டின் தலை செங்கல் நிறத்தில் பொரிந்து, ஸ்பேனர் உட்கார வேண்டிய ஆறு விளிம்பும் மழுங்கியிருக்கும். கடற்காற்றில் வரும் உப்பு, போல்ட்டின் மேலுள்ள துத்தநாகப் பூச்சைச் சீக்கிரமே தின்றுவிடுகிறது. பிறகு உண்டாகும் துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடத்தை அடைத்துக்கொள்ளும். மரைக்கும் மரைக்கும் நடுவே ஆப்பு அடித்தாற்போல் இறுகிவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வெள்ளத்தில் நின்ற வண்டிகளுக்கு இது இன்னும் பொருந்தும். ஆகவே ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ பிரேக் பேட் மாற்றப் போகும் வண்டியில் ஒரு போல்ட் ஜாம் ஆவது விபரீதமல்ல. எதிர்பார்க்க வேண்டிய ஒன்று.

இந்த வட்டாரத்தில் கைத்திறனுக்குப் பஞ்சமில்லை. எண்ணூரில் அசோக் லேலண்ட் லாரி செய்தது, திருவொற்றியூரில் என்ஃபீல்டு புல்லட் செய்தது; நட்டும் போல்ட்டும் தெரியாத தெரு இங்கே குறைவு. சிக்கல் திறமையில் இல்லை, அவசரத்தில் இருக்கிறது. இறுகிய போல்ட்டுக்கு முதல் மருந்து பொறுமை: கம்பி பிரஷ்ஷால் துருவைத் தட்டி, ஊடுருவும் எண்ணெயை டிஸ்க்கிலும் பேடிலும் படாமல் விட்டு, ஊறவைத்து, பன்னிரண்டு முனை ரிங் ஸ்பேனரை ஒதுக்கிவிட்டு ஆறு முனை சாக்கெட்டைப் போட்டு, முதலில் கொஞ்சம் இறுக்கிப் பிறகு தளர்த்துவது. பிரேக் பைப்பின் நட்டுக்குச் சாதாரண டபுள் எண்ட் ஸ்பேனர் போடவே கூடாது. பைப்பைச் சுற்றிப் பிடிக்கும் தனி ஸ்பேனர் அதற்கென்றே உண்டு. இதற்கெல்லாம் நேரம் வேண்டும். 'சாயங்காலம் வண்டி வேணும்' என்று உரிமையாளர் நிற்கும்போது உளியும் சுத்தியலும் கேஸ் வெல்டிங்கும் கைக்கு வந்துவிடுகின்றன.

உண்மையான ஆபத்து போல்ட் உடைந்த பிறகுதான் தொடங்குகிறது. காலிபரைத் தாங்கும் போல்ட்டுகள் உயர்பலம் கொண்டவை. தலையில் 8.8 என்று பொறித்திருந்தால் அதன் இழுவிசைத் தாங்குதிறன் சுமார் 800 மெகாபாஸ்கல், 10.9 என்றால் சுமார் 1000. ஹார்டுவேர் கடையில் அளவு பார்த்து வாங்கும் சாதாரண 4.6 போல்ட்டுக்கு அது 400தான். மரை சரியாக ஏறும், பார்வைக்கும் வித்தியாசம் தெரியாது. அவசர பிரேக் அடிக்கும்போதுதான் வித்தியாசம் வேலை செய்யும். செக்கச்செவேலென்று காய்ச்சிக் கழற்றிய போல்ட்டைத் திரும்பப் போடுவதும் ஏறக்குறைய இதே தவறு, ஏனென்றால் அந்தச் சூட்டில் எஃகின் பதம் போய்விடுகிறது. பக்கத்திலிருக்கும் ரப்பர் சீலும் தப்பாது. ஏர் எடுக்கும் நிப்பிள் உள்ளே துளையுள்ளது, லேசாக முறுக்கினாலே ஒடியும். ஒடிந்தால் சிலர் பழைய பிரேக் ஆயிலையே விட்டுவிடுகிறார்கள். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கையில் 205 டிகிரி வரை கொதிக்காது. காற்றின் ஈரத்தை உறிஞ்சிய பிறகு அந்த எல்லை 140 வரை இறங்கக்கூடும். ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் தரைக்குப் போகும். இன்னொன்று பட்டறைக்காரர்களுக்கே: குளோரின் கலந்த பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் வெல்டிங் வைத்தால் உண்டாகும் ஃபாஸ்ஜீன் நுரையீரலைப் பதம் பார்க்கும்.

இதில் யாருடைய குற்றம் எது? போல்ட் உடைந்ததற்காக மெக்கானிக்கைக் குற்றவாளியாக்குவது நியாயமல்ல, சட்டமும் அப்படிச் சொல்லவில்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், ஒருவர் தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட பொருளைச் சாதாரண விவேகமுள்ளவர் தன் சொந்தப் பொருளைப் பார்த்துக்கொள்ளும் அளவுக்குப் பார்த்துக்கொண்டால் போதும் என்கிறது (பிரிவு 151). அப்படிப் பார்த்தும் சேதமானால் வேறு ஒப்பந்தம் இல்லாதவரை அவர் பொறுப்பல்ல (பிரிவு 152). ஆனால் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சேவைக் குறைபாடு என்பதை விளக்கும் இடத்தில், தேவையான தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் அதில் சேர்க்கிறது (பிரிவு 2(11)). இரண்டையும் சேர்த்துப் படித்தால் கோடு தெளிவாகிறது: கவனமாக வேலை பார்த்தும் உடைந்த போல்ட்டுக்குச் சட்டத்தில் இடமுண்டு, உடைந்ததைச் சொல்லாமல் அனுப்பிய வண்டிக்கு இல்லை. வண்டி ஓட்டுபவர் சும்மா இருந்தாலும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190ஆவது பிரிவு விடாது. சாதாரணக் கவனத்தில் தெரிந்துகொண்டிருக்கக்கூடிய ஆபத்தான குறையோடு ஓட்டுவது தண்டனைக்குரியது. மறைக்கப்படும் தகவல் அந்தக் கவனத்தையே பறித்துவிடுகிறது.

சொன்னால் வாடிக்கையாளர் அடுத்த பட்டறைக்குப் போய்விடுவார் என்பது மெக்கானிக்குகள் சொல்லும் முதல் பதில். அதில் உண்மை உண்டு, பழியில் பாதி நம்முடையது. 500 ரூபாய்க்குப் பேட் மாட்டித் தரச் சொல்லி, போல்ட் உடைந்ததும் அந்தச் செலவையும் மெக்கானிக் தலையிலேயே கட்ட நினைக்கும் உரிமையாளர்தான் மறைக்கக் கற்றுக்கொடுக்கிறார். இதற்கு வழி வேலை தொடங்கும் முன் பேசிக்கொள்வது: 'ஜாம் ஆச்சுன்னா உடைக்கிறதுக்கு முன்னாடி போன் பண்ணுங்கண்ணே, ஆகிற செலவு நான் தர்றேன்' என்று சொல்லிவிட்டால் போதும். தெருவோரப் பட்டறைக்கு இந்தச் சட்டமெல்லாம் பொருந்துமா என்பது இன்னொரு கேள்வி. காசு வாங்கிச் செய்வது சேவைதான், பெயர்ப்பலகை இருந்தாலும் இல்லாவிட்டாலும். பில் தராமல் இருப்பதே நேர்மையற்ற வணிக முறை என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(47) சொல்கிறது. கையால் எழுதிய துண்டுச்சீட்டு, ஜிபே பதிவு, வாட்ஸ்அப் செய்தி எல்லாமே சான்றாக உதவும். பழைய வண்டிக்கு இவ்வளவு எதற்கு என்பது மட்டும் பதிலே தேவைப்படாத வாதம்; கன்டெய்னர் டிரெய்லருக்குப் பின்னால் நிற்க வேண்டிய தூரம் வண்டியின் வயதைப் பார்ப்பதில்லை.

தகராறு வந்தால் முதலில் செய்யக் கூடாதது, கூலி தராமல் வண்டியை இழுத்துக்கொண்டு போவது. செய்த வேலைக்குக் கூலி வரும்வரை வண்டியை நிறுத்திவைக்கும் உரிமை ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆவது பிரிவில் மெக்கானிக்குக்கு உண்டு. ஆட்சேபணையை எழுத்தில் தெரிவித்துப் பணத்தைக் கட்டிவிட்டு, பிறகு கேட்பதே நல்லது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் சொல்லலாம். பேசித் தீராவிட்டால் குடியிருக்கும் இடத்துக்குரிய மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் மனு செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. காப்பீட்டை நம்ப வேண்டாம், தேய்மானத்துக்கும் துருவுக்கும் அது பணம் தராது. ஆணையத்தின் முன் நிற்பது வாய்ப்பேச்சு அல்ல, பொருள். ஆகவே பழைய பேடையும் உடைந்த போல்ட்டையும் அன்றைக்கே கேட்டு வாங்கி, தலையில் பொறித்த எண் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து, பில்லோடு சேர்த்து ஒரே உறையில் வையுங்கள்.