பெட்டியும் எழுத்தும்: கணிப்பொறி வடிவமைப்பில் தரவின் ஒருமை

முன்னுரை

1922-இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் இட்ட வித்து, பட்டாசாகவும் அச்சாகவும் கிளைத்தது. தீப்பெட்டிக்கு லேபிள் தேவைப்பட்டமையே அங்கு அச்சுத்தொழில் வேர்கொள்ளக் காரணமாயிற்று. அன்று ஓவியர் தூரிகையால் தீட்டிய லேபிள் இன்று கணிப்பொறியில் உருவாகின்றது. அங்ஙனம் உருவாகும்போது எழும் சிக்கலொன்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு பெட்டி, பல கருவிகள்

பட்டாசு அட்டைப்பெட்டி ஒரே மென்பொருளில் உருவாவதில்லை. வெட்டுக்கோட்டையும் மடிப்புக்கோட்டையும் வரைபட மென்பொருள் அளந்து தருகின்றது. படத்தைப் போட்டோஷாப் திருத்துகின்றது. எழுத்தும் படமும் கோரல்டிரா போன்றதொரு மென்பொருளில் இணைகின்றன. பின்னர் அவை நான்கு வண்ணங்களாகப் பிரிந்து அச்சுத்தகட்டை அடைகின்றன. அட்டையின் கனம் மாறி மடிப்புக்கோடு சற்றே நகர்ந்தால், அச்செய்தி ஓவியக் கோப்பையும் எட்டுதல் வேண்டும். எட்டாவிடின் எச்சரிக்கை வாசகம் மடிப்பில் சிக்கிப் படிக்கவியலாததாகும்.

இக்குறை சிறுதொழிலுக்கு மட்டும் உரியதன்று. ஏர்பஸ் ஏ380 விமானத்தை வடிவமைத்தபோது ஜெர்மானியப் பொறியாளர் கேட்டியா மென்பொருளின் நான்காம் பதிப்பையும், பிரெஞ்சுப் பொறியாளர் ஐந்தாம் பதிப்பையும் கையாண்டனர். ஹாம்பர்க்கிலிருந்து துலூஸுக்கு வந்த பகுதிகளில் மின்கம்பிகள் உரிய இடத்தில் பொருந்தவில்லை. 2006-இல் இது வெளிப்பட்டு, விமான ஒப்படைப்பு நெடுநாள் தாமதமாயிற்று.

மென்பொருள்களிடையே வடிவத்தரவைப் பரிமாற 1994-இல் ஐஎஸ்ஓ 10303 என்னும் பன்னாட்டுத் தரம் வெளியிடப்பெற்றது. எனினும், பல படிகளுள் எது திருந்திய படி என்பதைத் தரம் மட்டும் கூறிவிடாது. ஏடு பெயர்த்து எழுதியோரால் சுவடிகளில் பாடவேறுபாடு தோன்றியதை நாம் அறிவோம். கணிப்பொறிக் கோப்புகளுக்கும் அந்நோய் உண்டு.

தமிழ் எழுத்தின் நிலை

முன்னாளில் ஒவ்வொரு நிறுவனமும் தமிழ் எழுத்துகளைத் தன் விருப்பம்போல் ஆங்கில எழுத்துகளின் இடங்களில் அமைத்தது. ஓர் எழுத்துருவில் அடித்த சொல், வேறோர் எழுத்துருவில் பொருளற்ற குறிகளாய்த் தோன்றிற்று. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு தரப்பாட்டுக்கு வழிகோலியது. 2010-இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது.

யூனிகோடை அறியாத பழைய மென்பொருளில் கொம்பும் காலும் இடம்மாறி நிற்கும். இதற்கு அஞ்சியே அச்சகத்தார் எழுத்தைக் கோட்டுருவமாக, அதாவது 'கர்வ்ஸ்' ஆக, மாற்றுகின்றனர். இதனால் உருவம் காப்பாற்றப்படும். ஆனால் எழுத்து படமாகிவிடும். பின்னர் அதனைத் தேடவும் இயலாது, எளிதில் திருத்தவும் இயலாது.

திருத்தமோ அடிக்கடி வேண்டப்படுகின்றது. 2018-இல் உச்சநீதிமன்றம் பேரியம் உப்புகள் சேர்ந்த பட்டாசுக்குத் தடைவிதித்தது. 2019-இல் பசுமைப் பட்டாசுக்குரிய சின்னமும் கியூஆர் குறியீடும் வந்தன. பழைய கோப்பு தவறி அச்சேறினால், பெட்டி ஒன்றைக் கூறும். உள்ளிருக்கும் பொருள் வேறாக இருக்கும். பெட்டி மேலுள்ள எச்சரிக்கை, மத்தாப்பை ஏந்தும் குழந்தையின் கைக்குக் காவல் என்பதை மறத்தலாகாது.

செய்யத்தக்கன

1. வாசகம் அனைத்தையும் யூனிகோடில் ஒரே மூலக்கோப்பாகப் பேணுக. பிற கோப்புகள் அதினின்றே வாசகத்தைப் பெறுக.
2. எழுத்தைக் கோட்டுருவமாக்குமுன் திருத்தத்தக்க படியொன்றைத் தனியே காக்க.
3. ஒவ்வொரு படியிலும் நாளும் பதிப்பெண்ணும் திருத்தியவர் பெயரும் இடுக. வழக்கொழிந்த படிகளைத் தனியிடத்திற்கு மாற்றுக.
4. வெட்டுக்கோடு மாறின், அச்சுக்கு முன் மாதிரிப்பெட்டி மடித்துப் பார்க்க.

முடிவுரை

கருவிகள் பலவாதல் குற்றமன்று. தரவு பலவாதலே குற்றம். பாடம் ஒப்பிட்டு மூலம் காணும் பயிற்சி தமிழ் பயின்றோர்க்கு உரியது. மெய்ப்புத் திருத்தம், மூலக்கோப்புப் பேணல் ஆகிய பணிகளில் நம் மாணவர்கள் அப்பயிற்சியைப் பயன்கொள்வாராயின், அச்சகத்திற்கும் நலம், தமிழுக்கும் நலம்.