சுங்கை வே சொல்லித் தரும் பாடம்

2020 செப்டம்பர் முதல் வாரம் நினைவிருக்கிறதா? கோவிட் காலம். அடிக்கடி கை கழுவுங்கள் என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் குழாயில் தண்ணீர் வரவில்லை. ரவாங் அருகே சுங்கை கோங்கில் கலந்த கழிவின் வாடையால் நான்கு நீர் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. ஏறத்தாழ 12 லட்சம் குடிநீர்க் கணக்குகளுக்கு விநியோகம் நின்றது. வாளிகளோடு தண்ணீர் லாரிக்குக் காத்து நின்றோம்.

எங்கோ ஒரு சிற்றாற்றில் கொட்டப்பட்டது நம் வீட்டுச் சமையலறைவரை வரும் என்பதை அன்று கண்கூடாகப் பார்த்தோம்.

ஆற்றைக் காக்கும் வேலையை அரசாங்கம்தான் செய்ய வேண்டுமா? பெட்டாலிங் ஜெயாவின் சுங்கை வே வேறொரு வழியைக் காட்டியது. 2007-இல், அங்குள்ள மதுபான ஆலையின் அறவாரியம் நிதி கொடுத்தது. உலகளாவிய சுற்றுச்சூழல் மையம் என்ற அரசு சாரா அமைப்பு களத்தில் இறங்கியது. மாணவர்களும் அக்கம்பக்கத்துக் குடியிருப்பாளர்களும் கைகோத்தார்கள்.

நம் நாட்டில் ஆற்று நீரை ஐந்து வகுப்புகளாகப் பிரிக்கிறார்கள். ஐந்தாம் வகுப்பு நீர் குடிக்கவும் ஆகாது, பயிருக்கும் ஆகாது. அந்த நிலையில் கிடந்த சுங்கை வே, சில ஆண்டுகளில் மூன்றாம் வகுப்புக்கு உயர்ந்தது.

இத்தகைய திட்டங்களில் பணம் எதற்குச் செலவாகிறது? பேனருக்கும் டி-சட்டைக்கும் மட்டுமல்ல. நீர்ச் சோதனைப் பெட்டி, பயிற்சி, பேருந்துக் கட்டணம், கரையில் நட மரக்கன்று என்று போகிறது. பிள்ளைகள் தண்ணீரைக் குழாயில் பிடித்து, அதில் எவ்வளவு ஆக்சிஜன் கரைந்திருக்கிறது என்று பார்க்கிறார்கள். கல்லைப் புரட்டிப் பூச்சிகளைத் தேடுகிறார்கள். சுத்தமான நீரில் மட்டுமே வாழும் பூச்சிகள் இருந்தால் ஆறு நலம். சிவப்புப் புழுக்கள் மட்டுமே நெளிந்தால் ஆற்றுக்குச் சீக்கு. அப்படிக் கண்ணால் பார்த்த பிள்ளை, பொரித்த எண்ணெயை அம்மா தொட்டியில் ஊற்றினால் சும்மா இருக்காது.

கிள்ளான் ஆற்றுக்குப் பெரிய கைகளும் உதவியிருக்கின்றன. மிதக்கும் குப்பையை அள்ளும் சூரிய சக்தி இயந்திரத்தை, தி ஓஷன் கிளீனப் என்ற இலாப நோக்கற்ற அமைப்பு 2019-இல் கிள்ளானில் நிறுத்தியது. பின்னர் இன்னொரு இயந்திரத்துக்கு கோல்ட்பிளே இசைக்குழு நிதி தந்தது. நல்ல காரியம்தான். ஆனால் இயந்திரம் அள்ளுவது நாம் ஏற்கெனவே போட்டுவிட்ட குப்பையை. போடாமல் இருக்கப் பழக்குவது மனிதர்கள் வேலை.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. மானியத்துக்குக் காலக்கெடு இருக்கும். பணம் நின்றதும் வேலையும் நின்றால், ஆறு பழைய நிலைக்கே திரும்பும். அதனால்தான் நல்ல திட்டங்கள் பொறுப்பை முதல் நாளிலிருந்தே உள்ளூர் மக்கள் கையில் கொடுக்கின்றன.

நம் குடியிருப்பாளர் சங்கமோ, பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கமோ, கோயில் இளைஞர் பிரிவோ இதில் இறங்கலாம். ஐநா மேம்பாட்டுத் திட்டம் நடத்தும் சிறு மானியத் திட்டம், சமூக அமைப்புகளுக்கென்றே உள்ளது. விண்ணப்பத்தில் மூன்று கேள்விகளுக்குத் தெளிவான பதில் இருக்கட்டும்: என்ன பிரச்சினை, யார் செய்வார்கள், மானியம் முடிந்தபின் யார் தொடர்வார்கள்?

கொடுக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவின்கீழ் அங்கீகாரம் பெற்ற அமைப்புக்கு நன்கொடை தந்தால், மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை வரிக் கழிவு உண்டு. ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

பணம் இல்லையென்றால் ஒரு ஞாயிறு காலையைக் கொடுங்கள். பாசார் செனியிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ரயிலில் போகும்போது, கீழே ஓடும் கிள்ளான் ஆற்றைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அது ஏன் தேநீர் நிறத்தில் இருக்கிறது என்று அவர்கள் கேட்பார்கள். பதிலைத் தேடி, அவர்களோடு சேர்ந்து கரையில் இறங்குவோம்.