ஆளி விதையும் எங்கள் எள்ளும்

மருந்துச் சரக்குக் கடைகளிலும் சுப்பர் மார்க்கெட்டுகளிலும் இப்போது ஆளி விதை சிறு பைகளில் விற்கப்படுகிறது. கபில நிறம், மினுமினுப்பு, எள்ளைவிடச் சற்றுப் பெரிது. நீரிழிவுக்கும் கொழுப்புக்கும் இது கைகண்ட மருந்து என்று பலர் சொல்லக் கேட்கிறோம். நாட்கூலியில் வாழும் குடும்பம் இதற்குப் பணம் கொடுக்குமுன் சில விடயங்களை அறிந்திருப்பது நல்லது.

இது என்ன விதை?

ஆளி குளிர்காலநிலைக்கு உகந்த பயிர். கனடா, ரஷ்யா, கஸகஸ்தான் ஆகிய நாடுகளில் பெருமளவில் விளைகிறது. அதன் தண்டு நாரில் லினன் துணி நெய்கிறார்கள். கிரிக்கெட் மட்டைக்குப் பூசும் லின்சீட் எண்ணெயும் இவ்விதையிலிருந்து எடுப்பதே. ஆனால் மரத்துக்குப் பூசவென விற்கும் எண்ணெயில் உலர்த்தும் இரசாயனங்கள் கலந்திருக்கலாம். அதை ஒருபோதும் உட்கொள்ளக் கூடாது.

பயனும் பாவனையும்

100 கிராம் ஆளி விதையில் ஏறக்குறைய 42 கிராம் கொழுப்பும் 27 கிராம் நார்ச்சத்தும் உண்டு. அக்கொழுப்பில் பாதிக்கு மேல் ஒமேகா-3 வகை. நார்ச்சத்து மலச்சிக்கலைக் குறைக்கும். முழு விதையாக விழுங்கினால் பெரும்பகுதி செரிக்காமலே வெளியேறும். எனவே அரைத்தே உண்ண வேண்டும். நாளுக்கு ஒரு தேக்கரண்டியுடன் தொடங்கி, தண்ணீர் தாராளமாகக் குடியுங்கள். அரைத்த மா விரைவில் கெட்டுவிடும். கொஞ்சங் கொஞ்சமாகவே அரையுங்கள்.

எங்கள் கையில் இருப்பவை

ஆளியின் ஒமேகா-3 இல் சிறு பங்கையே எமது உடல், மீனில் உள்ள வகையாக மாற்றிக்கொள்கிறது. மீனோ அதனை நேரடியாகவே தருகிறது. வாவிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் நாவற்குடா மக்களுக்குச் சூடை, கீரி, நெத்தலி புதியவை அல்ல. விலையுயர்ந்த பெரிய மீனுக்கு இவை எவ்விதத்திலும் குறைந்தவையல்ல.

எள்ளில் ஒமேகா-3 மிகச் சொற்பம். ஆனால் தோலுடன் கூடிய 100 கிராம் எள்ளில் ஏறக்குறைய 975 மில்லிகிராம் கல்சியம் உண்டு. ஆளியில் சுமார் 255 மட்டுமே. உலர் வலயத்தில் சிறுபோகத்தில் விதைத்தால் மூன்று மாதமளவில் அறுவடையாகும் பயிர் இது. காய் வெடிக்குமுன் வெட்டிக் கட்டி உலர்த்தினால் விதை சிந்தாது. எள்ளுருண்டை பிள்ளைகளுக்கு நல்ல தின்பண்டம். நார்ச்சத்துக்குக் குரக்கனும் பயறும் கீரையும் போதும்.

முக்கிய எச்சரிக்கை

விதையை நம்பி கிளினிக்கில் தந்த குளிசையை நிறுத்தாதீர்கள். இரத்தம் உறையாதிருக்க மருந்து எடுப்போரும் கர்ப்பிணித் தாய்மாரும் வைத்தியரைக் கேட்டே ஆளி விதை உண்ண வேண்டும். வசதியுள்ளோர் வாங்கட்டும். வசதியற்றோர் கடன்பட்டு வாங்க வேண்டிய தேவை எதுவும் இல்லை.