மேசையருகே இருவர்

ஒரு சாப்பாட்டு மேசை, அதன்மேல் கோப்பைகள். பவேரிய நாட்டுப்புற உடையில் அமர்ந்து, விரலை உயர்த்தி எதையோ விளக்குகிறார் ஓவியர் காண்டின்ஸ்கி. எதிரே முன்சாய்ந்து கேட்கிறார் ஓவியர் எர்மா போசி.

1912இல் இந்த ஓவியத்தைத் தீட்டியவர் கேப்ரியேல் மூன்டர். இடம், ஜெர்மனியின் மூர்னாவ் ஊரில் 1909இல் அவர் வாங்கிய வீடு. முகங்களில் நுணுக்கம் அதிகமில்லை. தட்டையான வண்ணங்கள், அழுத்தமான கோடுகள், அவ்வளவுதான். ஆனால் அந்த விரலைப் பாருங்கள், பேச்சே காதில் விழும்!

நாஜிகள் இத்தகைய கலையை இழிவென்று ஒதுக்கிய காலத்தில், காண்டின்ஸ்கியின் படங்களையும் தம் படங்களையும் இதே வீட்டின் நிலவறையில் ஒளித்துக் காத்தார் மூன்டர். 1957இல், தமது 80ஆம் வயதில், அந்தச் செல்வத்தை மியூனிக்கின் லென்பாக்ஹவுஸ் அருங்காட்சியகத்துக்கு அள்ளிக் கொடுத்தார்.