பெயர் அச்சேறாத ஊழியர்கள்



ரோமருக்கு எழுதப்பட்ட நிருபத்தைப் பவுலின் நிருபம் என்கிறோம். ஆனால் அதைக் கையால் எழுதியவர் தெர்தியு (ரோமர் 16:22). கெங்கிரேயா சபையின் ஊழியக்காரியாகிய பெபேயாளே அதைக் கொண்டுசென்றவள் என வேத அறிஞர் பலர் கருதுகின்றனர். தபால்தலை சேகரிப்போர் நடத்தும் இதழாயினும், ஒரு சபை நடத்தும் மாத இதழாயினும், ஆர்வத்தினால் நடைபெறும் சிற்றிதழ் ஒவ்வொன்றின் பின்னும் இத்தகைய மறைவான கரங்கள் உண்டு.

கட்டுரைகள் கணினியில் ஏறியதும் மெய்ப்புத் திருத்தும் பணி தொடங்குகிறது. தமிழில் ஓரெழுத்துப் பிழையும் உபதேசத்தையே மாற்றிவிடும். ‘கர்த்தருடைய வழி’ என்பது ‘வலி’ ஆகலாம். ‘நமக்காக மரித்தார்’ என்பது ‘மறித்தார்’ ஆகலாம். ஆகவே, எழுதியவரல்லாத வேறொருவர் எழுத்தெழுத்தாய் வாசிப்பது அவசியம். தன் பிழை தன் கண்ணுக்குத் தோன்றாது என்பது ஆவிக்குரிய வாழ்விலும் உண்மையன்றோ?

அடுத்து அச்சகம். ஒரு பெரிய தாளின் இருபுறமும் எட்டெட்டுப் பக்கங்களாக 16 பக்கங்கள் அச்சாகின்றன. இது ஒரு பாரம். தாளில் முதற்பக்கத்தின் அருகே இரண்டாம் பக்கம் இராது. பதினாறாம் பக்கமே இருக்கும். பார்ப்பவருக்கு எல்லாம் ஒழுங்கற்றதாய்த் தோன்றும். மூன்று முறை மடித்து, ஓரம் வெட்டிய பின்னரே வரிசை விளங்கும். வண்ணப்படமோ நீலம், செந்நீலம், மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளால் உருவாகிறது; ஒரு தகடு சற்றே விலகினாலும் முகம் மங்கிவிடும். தமிழறியாத தொழிலாளர் பணிபுரியும் வெளிமாநில அச்சகங்களில் பக்க எண்ணே அவர்களுக்கு வழிகாட்டி.

பின்பு கம்பித் தையல், விலாசச் சீட்டு ஒட்டுதல், 1972-இல் அறிமுகமான பின்கோடு எண்ணின்படி கட்டுக்கட்டாய்ப் பிரித்தல். அஞ்சல் பதிவு பெற்ற இதழாயின், குறித்த அஞ்சலகத்தில் குறித்த தேதியில் சேர்த்தால்தான் சலுகைக் கட்டணம் கிடைக்கும்.

எனினும், மிகுந்த கவனத்திற்குரிய பணி இதன் பின்னரே வருகிறது. ‘விலாசத்தில் இல்லை’ என்ற குறிப்புடன் சில பிரதிகள் திரும்பி வருகின்றன. பிழைப்பிற்காக நகரம் வந்த நம் ஜனங்களிடையே அது வெறும் காகிதமல்ல. வாடகை உயர்ந்திருக்கலாம், வேலை போயிருக்கலாம், குடிசை அகற்றப்பட்டிருக்கலாம். ஒரு குடும்பம் சபையின் கண்ணுக்கு மறைந்துவிட்டது என்பதற்கு அதுவே முதல் அறிகுறி. அப்பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுவது எளிது. அக்குடும்பத்தைத் தேடிச் செல்வதோ மேய்ப்பனின் ஊழியம். விலாசப் பட்டியலைப் பேணுகிறவர் எழுத்தர் மட்டுமல்லர், மந்தையை எண்ணுகிறவர்.

யோயாக்கீம் ராஜா சுருளைச் சுட்டெரித்தபோது, பாருக்கு மறுபடியும் உட்கார்ந்து எரேமியாவின் வாய் சொல்ல எழுதினான் (எரேமியா 36:32). அத்தகைய பொறுமையுள்ளவர்கள் இன்றும் தேவை. வீடு மாறுகிறவர்கள் புதிய விலாசத்தை உடனே அறிவியுங்கள். வாலிபரே, மாதத்தில் ஒரு மாலைப்பொழுதை இதழ் கட்டும் பணிக்குக் கொடுங்கள். திரும்பி வந்த பிரதியின் விலாசம் உங்கள் தெருவாயின், அந்தக் கதவை நீங்களே தட்டுங்கள்.

உங்கள் பெயர் இதழில் அச்சேறாமற்போகலாம். ஜீவபுஸ்தகத்தை எழுதுகிறவர் ஒருவரையும் மறப்பதில்லை.